சுப்பாத்தாளின் கடைசி வரி

தமிழ்ச்செல்வன் எழுந்தான். பாயைச் சுருட்டி வைத்தான். குழாயில் தண்ணீர் வந்தது, குடத்தில் பிடித்தான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். டீ போட்டான். எப்போதும்போல அதிகமாகப் போய்விட்டது. ஓர் ஆளுக்கு எவ்வளவு தூள், எவ்வளவு பால் என்பது ஒரு வருடமாகியும் அவன் கைக்குப் பிடிபடவில்லை. மிச்சத்தைக் கொட்டினான். குளித்தான். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்தான். முந்தின நாள் மாவு புளித்திருந்தது. அதையே தோசையாக ஊற்றித் தின்றான். கதவைப் பூட்டினான். மொபெட்டை உதைத்துக் கிளப்பினான்.

போத்தனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டை ஒட்டியது அப்துல் வஹீதின் டீக்கடை. ரயில் தாமதமாக வரும் நாளெல்லாம் அவருக்கு நல்ல நாள். தமிழ்ச்செல்வனைக் கண்டதும் கையை ஆட்டினார்.

"ஏனுங்க தம்பி, இன்னிக்குத்தானுங்களே உங்க புது ரேடியோ?"

"ஆமாங்க பாய்."

"சுப்பாத்தா கடேசியாச் சொன்னதப் போடுவீங்கல்ல? 'நா போயிட்டு வாரேனுங்க, எல்லாரும் பத்தரமா இருங்க.' இப்ப நெனச்சாலும் மேலெல்லாம் சிலுத்துக்குதுங்க தம்பி. போற நேரம் அந்தம்மாவுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சுங்க."

"அத அவ சொல்லலைங்க."

"பாருங்க, அடக்கத்த."

"அடக்கமெல்லாம் இல்லீங்க. அது அவ குரலே இல்லீங்க."

வஹீது டீ ஆற்றுவதை நிறுத்தி அவனை உற்றுப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் குனிந்து, தமிழ்ச்செல்வனுக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் சொன்னார்: "பாவம், ஆளு இன்னும் தெளியல."

கேட் திறந்தது.

ஒரு வருடமாக இதேதான். பாங்கில் இதே பேச்சு. முடி வெட்டும் கடையில் கழுத்துக்கு மேல் கத்தி இருக்கும்போது இதே பேச்சு. சுப்பாத்தாளாகப் பேசிய அவன் மனைவி மெர்சியின் சபையில் பாஸ்டர் இந்த ஒரு வரியை வைத்து ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்தார். கூட்டம் முடிந்ததும் தமிழ்ச்செல்வன் அவரிடம் போய், "ஐயா, அது மெர்சி சொன்னதில்ல" என்றான். பாஸ்டர் அவன் தோளில் கை வைத்து, "நமக்குள்ள பேசறவரு வேற ஒருத்தரு, தம்பி" என்றார்.

வானொலி நிலையம் இருந்தது பல்லடம் சாலையிலிருந்து பிரியும் செங்காட்டுப்புதூரில். சோளக்காட்டுக்கு நடுவே ஒரு கோபுரம், அதன் காலடியில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடம். தமிழ்ச்செல்வன் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு அங்கே விவசாயப் பகுதிக்கு எழுதுபவனாகச் சேர்ந்தான். மெர்சி அங்கே பேசுபவளாக வந்தாள். இருவர் வீட்டிலும் தாத்தா காலம்வரை பிறர் காட்டில் கூலி வேலைதான். இப்போது அவன் அப்பா மில் தொழிலாளி, அவள் அப்பா போத்தனூர் ரயில்வேயில் கலாசி. கல்யாணத்துக்கு யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. சர்ச்சா மாரியம்மன் கோவிலா என்று ஒரு வாரம் இழுத்தார்கள், ரெஜிஸ்டர் ஆபீஸில் முடிந்தது.

புது ஒலிபரப்பின் தொடக்க விழாவுக்காக நிலையத்தின் வரலாற்றை எழுதும் வேலை அவன் தலையில்தான் விழுந்தது. எழுத எழுத அவனுக்கு எரிச்சல் ஏறியது. செங்காட்டுப்புதூர் வானொலிக்கு வரலாறு என்று ஒன்று இல்லை. டைரக்டர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு மாற்றத்தோடு வந்தார், அதைப் பாதியில் விட்டுவிட்டு மாற்றலாகிப் போனார்.

முதலாமவர் காலத்தில் எல்லாம் தூய தமிழ். அறிவிப்பாளருக்குப் பெயர் கிடையாது, சிரிப்பு கிடையாது, இருமல் கிடையாது. வாய் தவறி "வணக்கமுங்க" என்று சொன்ன ஓர் அறிவிப்பாளருக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. அடுத்தவர் வந்தார். 'காடு-தோட்டம்' என்று சாயங்காலத்தில் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். அதில் மட்டும் ஊர்ப்பேச்சு பேசலாம், ஆனால் பேசுவது சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது. ஆகவே சுப்பாத்தாள், அவள் வீட்டுக்காரர் மாரப்பன் என்று இரண்டு பாத்திரங்கள் பிறந்தன. காளை மாட்டுக்குக் கோமாரி, பருத்திக்குப் பச்சைப்புழு, எதுவானாலும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சொல்வார்கள். சண்டைக்காகவே ஜனங்கள் கேட்டார்கள். மூன்றாமவர் விளம்பரத்தோடு வந்தார். கிரைண்டர், பம்பு செட், மறுபடி கிரைண்டர். கிரைண்டர்காரர்களுக்கு இடம் வேண்டும் என்று 'காடு-தோட்ட'த்தைப் பால் கறக்கும் நேரத்துக்குத் தள்ளினார். கறக்கிற கையோடு யார் ரேடியோவைத் திருகுவது என்று மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. கடிதங்களை எண்ணி, நிகழ்ச்சிக்கு நல்ல வரவேற்பு என்று டெல்லிக்கு அறிக்கை அனுப்பினார்.

சுப்பாத்தாளாக ஐந்தாறு பேர் மாறிமாறிப் பேசியிருக்கிறார்கள். கேட்பவர்களுக்கு அது தெரியாது. மெர்சி கடைசி, அவள்தான் சரியான சுப்பாத்தாள். தமிழ்ச்செல்வன் எழுதுவது ஏட்டுத் தமிழ். அவனுக்கு வேறு மாதிரி எழுத வராது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் அவள் வாயில் அது காடும் கட்டுத்தறியுமாக மாறிவிடும். இதுதான் அவர்கள் வேலை செய்த முறை. வீட்டிலும் கிட்டத்தட்ட அதுதான். அவன் ஒரு வார்த்தை சொல்வான், அவள் அதை ஒன்பதாக ஆக்கிக்கொள்வாள்.

ஒருமுறை பெதப்பம்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பமே சுப்பாத்தாளைப் பார்க்க வந்தது. வாழைத்தார், மஞ்சள் பைக்குள் கல்யாணப் பத்திரிகை. மெர்சி வெளியே வந்து கும்பிட்டாள்.

"அம்மணி, பேசறப்ப எங்க பெரியாத்தா பேசறாப்பலயே இருக்குதுங்க. நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று பெரியவர் கேட்டார். அவர்கள் சாதியில் குலத்துக்குப் பெயர் கூட்டம்.

"நானுங்களா? ரேடியோக் கூட்டமுங்க" என்றாள் மெர்சி.

சிரித்தார்கள். பிறகு சொந்தப் பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னாள். வாழைத்தார் பெஞ்சில் இருந்தது. பத்திரிகை பையைவிட்டு வெளியே வரவில்லை. அன்று வீடு திரும்பும் வழியில் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து மெர்சி அந்தப் பெரியவரைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தாள். தமிழ்ச்செல்வன் எதுவும் பேசவில்லை. "ஏனுங்க, கோவமா?" என்று முதுகில் குத்தினாள். இல்லை என்று தலையாட்டினான். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மெர்சி இறந்த நாளில் நடந்தது இவ்வளவுதான். கடலைக்கு ஊடுபயிர் பற்றிய பகுதி. சாயங்காலமே ஒலிபரப்பாக வேண்டும். மெர்சிக்கு இரண்டு நாளாகத் தலைவலி. காப்பியும் மாத்திரையுமாக ஓட்டினாள். விவசாயத் துறையிலிருந்து குறிப்பு தாமதமாக வந்ததால் தமிழ்ச்செல்வன் அதை அப்படியே வெட்டி சுப்பாத்தாள் வாயில் வைத்துவிட்டான். மாரப்பனாகப் பேசிய ராமுலு எதிரில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தமிழ்ச்செல்வனும் இன்ஜினியரும். மெர்சி அந்த வரியைப் படித்தாள். நிறுத்தினாள். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள், பிறகு ராமுலுவிடம் ஒன்று கேட்டாள். ராமுலு விழுந்து விழுந்து சிரித்தார். இன்ஜினியரும் சிரித்தார். மெர்சி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். அவள் திரும்ப வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் நிகழ்ச்சி நிற்கவில்லை. நிற்பது என்ற பழக்கமே அந்த நிலையத்துக்குக் கிடையாது. கோமளா என்ற பெண்ணை அவசரமாகக் கூட்டிவந்து மிச்சப் பக்கங்களைப் படிக்கவைத்தார்கள். மாதர் நிகழ்ச்சியில் சமையல் குறிப்பு வாசிப்பவள், ஆர்.எஸ்.புரத்தில் துணிக்கடை வைத்திருந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். எந்தக் குரலையும் அப்படியே பிடிப்பாள். கடைசிப் பக்கத்தில் சுப்பாத்தாள் வால்பாறையில் எஸ்டேட்டில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் புறப்படுகிறாள். "நான் போய்விட்டு வருகிறேன், எல்லோரும் பத்திரமாக இருங்கள்" என்று தமிழ்ச்செல்வன் எழுதியிருந்தான். மெர்சி பதினைந்து நாள் லீவு கேட்டிருந்தாள், அதற்காக எழுதிய வரி. கோமளா அதை ஊர்ப்பேச்சாக்கிச் சொன்னாள். நாடாவில் மெர்சி சிரிக்கவைத்த இடத்தை யாரோ பிளேடால் வெட்டிக் கூடையில் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் ஒட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் 'வானொலி சுப்பாத்தாள் மரணம்' என்று வந்தது. முந்தின நாள் கேட்டதையும் மறுநாள் படித்ததையும் ஜனங்கள் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள்.

எழுதியது அவன். சொன்னது கோமளா. அதில் மெர்சிக்கு ஓர் எழுத்துகூடச் சொந்தமில்லை.

இப்போதைய டைரக்டர் பாலகோபால் அதற்குப் பிறகு வந்தவர். பாலக்காட்டுக்காரர், கெட்டவரும் இல்லை. எஃப்.எம். கொண்டுவந்தார். இனி அறிவிப்பாளர் பெயர் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும், போனில் வருகிறவர்களோடு நேரடியாகப் பேச வேண்டும். 'காடு-தோட்டம்' பத்து நிமிஷமாகச் சுருங்கும், பாத்திரங்கள் கிடையாது. காட்டில் இருப்பவர்களின் ரேடியோவில் எஃப்.எம். எடுக்காதே என்று தமிழ்ச்செல்வன் கேட்டபோது, "வாங்குவாங்க" என்றார். தொடக்க நாள் மட்டும் பழைய அலைவரிசையிலும் சேர்த்து ஒலிபரப்பு.

போன வாரம் அவர் இன்னொரு யோசனையும் சொன்னார். ஒவ்வொரு நாளும் விவசாயப் பகுதி முடியும்போது சுப்பாத்தாளின் அந்த வரி, பின்னால் புல்லாங்குழல்.

"நம்ம நிலையத்துக்கு அதுதான் முத்திரை, தமிழ்" என்றார்.

"சார், அது மெர்சி இல்ல. கோமளா."

"அப்படியா?" பாலகோபால் கொஞ்சம் யோசித்தார். "யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"எழுதினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"பின்னே என்ன? நல்லா எழுதியிருக்கீங்க."

"சார், அவ சாகறதுக்கு முன்னாடி அத சொல்லவே இல்ல."

"ஒரு நினைவுச்சின்னம்னு வெச்சுக்கோங்க. சிலை வெக்கறோமில்லையா? சிலை என்ன, அந்த ஆளேவா?"

தமிழ்ச்செல்வன் வெளியே வந்து ராமுலுவைத் தேடிப் போனான். அறையில் அன்று இருந்தவர் அவர். இன்ஜினியர் அந்தமானுக்கு மாற்றலாகிவிட்டார்.

"ராமுலு அண்ணா, அன்னிக்கு அவ கடைசியா என்ன சொன்னானு ஞாபகம் இருக்குதுங்களா?"

ராமுலுவின் கண் கலங்கியது. "மறக்க முடியுமா தம்பி? எல்லாரும் பத்தரமா இருங்கன்னு..."

"அதில்லீங்கண்ணா. நீங்க சிரிச்சீங்களே."

"நா சிரிச்சனா?" அவர் புண்பட்டுவிட்டார். "அப்பிடி ஒரு நேரத்துல நா எதுக்குக் கண்ணு சிரிக்கப்போறேன்?"

அவள் உண்மையில் கேட்டது இப்போது உலகத்தில் தன் ஒருவன் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் தமிழ்ச்செல்வனுக்கு உறைத்தது. இனித் தினமும் சாயங்காலம் புல்லாங்குழலோடு அந்த வரி வரும். கொஞ்ச நாளில் அவனே அதை நம்பிவிடுவான்.

இன்று அவன் மொபெட் உள்ளே நுழைந்தபோது, தொடக்க விழாவுக்கு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே ஸ்டுடியோவில் கோமளா, கட்டுப்பாட்டு அறையில் தமிழ்ச்செல்வன், அவன் முதுகுக்குப் பின்னால் பாலகோபால். அந்த வரி மட்டும் இருக்கும் நாடாத் துண்டை மெஷினில் மாட்டி, பொத்தானில் விரலை வைத்திருக்க வேண்டியதுதான் அவன் வேலை. நிலைய வரலாறு வாசிக்கப்பட்டது. பாலகோபால் அதில் டைரக்டர்களை எல்லாம் விட்டுவிட்டு சாதனைகளை மட்டும் வைத்திருந்தார். கோமளா சிரித்தாள், பெயர் சொன்னாள், மறுபடி சிரித்தாள். முதல் போன் ஒரு பாட்டுக் கேட்டது. இரண்டாவது போனில் பின்னால் லாரிச் சத்தம்.

"ஏனுங்க அம்மணி, நா பொங்கலூர்ல இருந்து அரங்கசாமி பேசறனுங்க."

"சொல்லுங்க அரங்கசாமி அண்ணா! எப்பிடி இருக்கறீங்க? என்ன பாட்டு வேணுமுங்க?"

"பாட்டெல்லாம் கெடக்குதுங்க. நம்ம சுப்பாத்தா கடேசியாச் சொல்லுச்சுல்லீங்க, அதப் போடுங்க. போன் பூத்துல ஒரு கூட்டமே நிக்கறோமுங்க. எங்கூட்டுக்காரி இப்பவே கண்ணத் தொடைக்கறா."

பாலகோபாலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இப்படி ஒரு போனை ஏற்பாடு செய்துகூட வாங்க முடியாது. தமிழ்ச்செல்வனின் தோளைத் தட்டினார். "போடுங்க, போடுங்க."

தமிழ்ச்செல்வன் பொத்தானை அழுத்தவில்லை.

ரேடியோவில் சத்தம் நிற்பது வீடு தீப்பிடித்த மாதிரி. ஆபீஸ் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. கோமளா கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவன் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அரங்கசாமி அண்ணா," என்றாள். இப்போது சிரிப்பில்லை. "அது நானுங்க."

"எதுங்க?"

"போயிட்டு வாரேனுங்கன்னு சொன்னது. அன்னிக்குப் பாதியில அக்காவுக்கு முடியாமப்போச்சுங்க. மிச்சத்த நாந்தான் படிச்சேன்."

"வெளயாடாதீங்க அம்மணி."

கோமளா கண்ணை மூடி, அந்தக் குரலிலேயே அந்த வரியைச் சொன்னாள். போனில் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அடக் கெரகமே!" என்றார் அரங்கசாமி. "அப்ப இத்தன நாளா நாங்க அழுதது உங்களுக்குங்களா?"

"எனக்குத்தானுங்க, அண்ணா."

"நல்லாருக்குது போங்க. இந்தா, நீ கண்ணத் தொடச்சது போதும்" என்று பக்கத்தில் யாரையோ அதட்டினார். பாலகோபால் தமிழ்ச்செல்வனின் காதருகே, "டேப்பைப் போடுங்க, எதையாவது போடுங்க" என்றார். அரங்கசாமி விடவில்லை. "செரி, அப்ப அந்தப் புள்ள நெசமாலுமே கடேசியா என்னதானுங்க சொல்லுச்சு? ஒண்ணுமே சொல்லாமயா போயிருக்கும்?"

"எனக்குத் தெரியாதுங்க. நா அப்பறந்தான் வந்தேன். தெரிஞ்சவரு இங்கதான் இருக்கறாரு."

தமிழ்ச்செல்வன் எழுந்தான். பாலகோபால் சட்டையைப் பிடித்தார், அவன் விடுவித்துக்கொண்டான். கனமான கதவை இழுத்துத் திறந்து ஸ்டுடியோவுக்குள் போனான். இத்தனை வருடத்தில் எழுதிய எத்தனையோ பேச்சு அந்த மைக்கில் போயிருக்கிறது, அவன் பேசியதில்லை. கோமளா நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். ராமுலு வராந்தாவில் இருந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"வணக்கமுங்க," என்றான். குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நா தமிழ்ச்செல்வன். மெர்சியோட ஊட்டுக்காரன். சுப்பாத்தாளாப் பேசுனவ பேரு மெர்சிங்க. அவளுக்கு எழுதிக் குடுத்தது நான்."

"சொல்லுங்க தம்பி," என்றார் அரங்கசாமி. அவர் குரலும் இறங்கிவிட்டது.

"அன்னிக்கு அவசரத்துல ஒரு வரி எழுதிப்போட்டேன். 'கடலைக்கிடையே துவரையை ஊடுபயிராக விதைப்பின் மண்வளம் பேணப்படும் அன்றோ?' புருசன்கிட்டச் சுப்பாத்தா கேக்கறாப்பல."

போனின் அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"அப்பிடித்தானுங்க எல்லாரும் சிரிச்சாங்க. அவ அதப் படிச்சா. காயிதத்தக் கீழ வெச்சா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாந்தான் உக்காந்திருக்கறேன்னு தெரிஞ்சும், தெரியாதவளாட்டம் ராமுலு அண்ணனக் கேட்டா. அதுக்கப்பறம் அவ எதுவும் சொல்லலீங்க. அவ சொன்னது இதுதானுங்க:

'ஏனுங்க, இத எழுதுன மகராசன் அவரு ஊட்டுல பொண்டாட்டிகிட்ட ஒரு நாளாச்சும் பேசியிருக்கறாருங்களா?'"